தொழிற்கல்வி: யாருக்கு, எந்த வயதில், அதற்கு அப்புறம் என்ன?

கேள்வி இதுதான்: "ஆன்லைனும் வகுப்பறையும் கலந்த படிப்பு, மன உணர்வுகளைக் கையாளும் திறன், தொழிற்பயிற்சி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இனிமேல் கல்வி என்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா? தொழிற்கல்வி என்று பேச்செடுத்தாலே இங்கே ஏன் சண்டை வருகிறது? என் மகன் பத்தாவது படிக்கிறான், ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா?"

நான் அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர் (இயந்திரப் பாகங்களை அளவுக்கு ராவிப் பொருத்தும் வேலை) பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பட்டறைப் பக்கம் நின்றுதான் பேச வரும். பள்ளி ஆசிரியர்கள் சில இடங்களில் என்னோடு மல்லுக்கு நிற்கலாம், நிற்கட்டும்.

ஒத்துவரும் என்பதுதான் என் பதில். மூன்றுமே ஏதோ ஒரு வடிவில் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் மூன்றில் தொழிற்பயிற்சியைச் சரியாக வைத்தால்தான் மற்ற இரண்டும் நிற்கும். படிப்பு ஏறாத பிள்ளையை ஒதுக்கி வைக்கும் இடமாகத் தொழிற்பிரிவு இருக்கும்வரை, வீடியோ பாடமும் மனநல வகுப்பும் மேல்பூச்சுதான். ஐ.டி.ஐ.யில் சேரும் பிள்ளைக்கு மேலே ஏறிப்போக ஒரு வழி இருக்கிறது, அது தனக்குத் தெரிந்தும் இருக்கிறது என்ற நிலை வந்தால் கதையே வேறு.

சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1953இல், சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது, பிள்ளைகள் இரண்டு ஷிஃப்டாக வரவேண்டும். மீதி நேரத்தில் அப்பா செய்கிற தொழிலைப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை, இருப்பதை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசுத் தரப்பு வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா தொழிலைப் பிள்ளை கற்பது என்றால் நம் ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: முடி திருத்துபவர் மகன் கத்தரியைப் பிடிக்க வேண்டும், வெளுப்பவர் மகன் துறைக்குப் போக வேண்டும், நிலம் உள்ளவர் மகன் நிலத்தைப் பார்க்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்கு உள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

இதைச் சொன்னால் "காந்தி சொன்னதும் கைத்தொழில் கல்விதானே" என்று யாராவது கேட்பார்கள். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்கு உள்ளே, எல்லாச் சாதிப் பிள்ளைக்கும், கணக்கும் மொழியும் கற்பிக்கும் வழியாக இருந்தது. 1953 திட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பி, அவனவன் வீட்டுத் தொழிலில் விட்டது. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது வசதியான மறதி.

அந்த நினைவு எழுபது வருஷம் கழித்தும் மங்கவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு, கைவினைஞர்களுக்குப் பயிற்சியும் கடனும் தரும் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு பாரம்பரியத் தொழில்கள், குறைந்தபட்ச வயது 18, குடும்பவழித் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை. தமிழ்நாடு அரசு அந்தக் குடும்பவழி நிபந்தனையை எடுக்கச் சொன்னது, வயதை 35 ஆக்கச் சொன்னது. நடக்கவில்லை. பிறகு இங்கே கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தார்கள், அதில் 35 வயது ஆகியிருக்க வேண்டும், எந்தக் குடும்பம் என்று கேட்பதில்லை. இதில் அரசியல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 18 வயதுப் பையனைக் கல்லூரி வாசலிலிருந்து திருப்பி உளிக்கும் சம்மட்டிக்கும் அனுப்புகிற ஆசை காட்டக்கூடாது என்பது வெறும் அரசியலும் அல்ல.

எனவே யார் எந்தத் தொழிற்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான் பார்ப்பது: இது யாருக்கு, எந்த வயதில், முடித்த அப்புறம் என்ன? 1953 திட்டம் மூன்றிலும் தோற்றது.

அதற்காக அதன்பிறகு வந்ததெல்லாம் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்பிரிவும் வந்துவிட்டது. செவிலியம், வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், நெசவும் ஆடை வடிவமைப்பும், அலுவலக மேலாண்மை என்று நல்ல நல்ல பிரிவுகள். நாட்டிலேயே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளலாம். நடைமுறையில் என்ன ஆனது? பத்தாவது மதிப்பெண் பட்டியலோடு பிள்ளை போய் நிற்கும். 450க்கு மேல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், அடுத்து காமர்ஸ், கடைசியில் மிஞ்சியவர்களுக்கு வொகேஷனல் குரூப். எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் தமிழ்நாட்டில் படித்த யாரும் இந்த வரிசையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல், பிரிவே மூடப்பட்ட பள்ளிகள் நிறைய. இருக்கும் இயந்திரமும் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த காலத்து இயந்திரம். கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அது கடைசி வரிசை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐ.டி.ஐ.க்கு வருகிற பையன்களிலும் இது தெரியும். முதல் வாரம் எதற்கு வந்தாய் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "மார்க் வரலை சார்" என்பார்கள். ஃபிட்டர் வேலை பிடிக்கும் என்று சொல்கிறவன் அபூர்வம். இந்த மனநிலையை மாற்ற நான் பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன்.

பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே இரண்டு வருஷம். டிப்ளமோ முடித்தவன் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இன்னும் மூன்று வருஷம். ஆக ஏழு வருஷம். ப்ளஸ் டூ படித்துப் பொறியியல் போகிறவனுக்கு இரண்டும் நாலும் ஆறு. ஒரே ஒரு வருஷம்தான் கூட. அந்த ஒரு வருஷத்துக்குப் பதிலாக வழியில் இரண்டு சான்றிதழ் கையில் இருக்கும், எந்தப் படியில் வேண்டுமானாலும் இறங்கி வேலைக்குப் போகலாம், திரும்பவும் ஏறலாம். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. தேறியவன் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதி, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம். இந்தப் பாதை எல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. பிள்ளைகளுக்கும், அதைவிட முக்கியமாக அப்பா அம்மாவுக்கும், யாரும் சொல்வதில்லை. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தபிறகு பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறது. அதிலும் மருத்துவம், பொறியியல், கலை அறிவியல் எல்லாம் பேசி முடித்து ஐ.டி.ஐ.க்கு வரும்போது மணி அடித்துவிடுகிறது.

இலங்கையில் இந்த ஏணியைக் கொஞ்சம் வெளிப்படையாகவே கட்டியிருக்கிறார்கள். தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ., ஏழு மட்டம். ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம், அதற்கென்று இரத்மலானையில் தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகமே (யூனிவோடெக்) இருக்கிறது. 2017இல் கொண்டுவந்த பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வியில், பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வான க.பொ.த. சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் அடுத்த கட்டமான உயர்தரத்தில் தொழிற்றுறைப் பிரிவில் தொடரலாம். பரீட்சையில் விழுந்தவனை வீட்டுக்கு அனுப்பாமல் உள்ளேயே வைத்துக்கொள்வது என்பது பெரிய விஷயம்.

தொழிற்கல்வி என்றதும் எல்லோரும் ஜெர்மனியைக் காட்டுவார்கள். அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்கள் அங்கீகரிக்கப்பட்டவை. வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில். கம்பெனி மாதாமாதம் பயிற்சி ஊதியம் கொடுக்கும். முதுநிலைக் கைவினைஞர் சான்று இளங்கலைப் பட்டத்துக்கு இணையான மட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, எந்தப் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். பத்து வயதில் பிரிப்பதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இங்கே ஐ.டி.ஐ. பிள்ளைகள் படிக்கும் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் நிமி நிறுவனம், சென்னை கிண்டியில், 1986இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கப்பட்டதுதான். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்குத் தெரியும்.

சரி, கலப்பு முறைக்கு வருகிறேன். பட்டறையில் எது திரையில் கற்க முடியும், எது முடியாது என்பதை இரண்டு வேலைகளில் காட்டுகிறேன்.

ஃபிட்டர் பிரிவில் முதல் சில மாதம் அரம்தான். ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, முகத்தைச் சமமாக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அற்ப வேலை. புதிதாக வருகிறவன் ராவினால் நடுவில் மேடும் இரண்டு ஓரத்தில் சரிவும்தான் வரும். ஏனென்றால் அரம் முன்னே போகும்போது அவன் கை ஊஞ்சல் ஆடுகிறது. தள்ளத் தொடங்கும்போது இடது கையில் அழுத்தம், நடுவில் இரண்டு கையிலும், முடியும்போது வலது கையில் என்று அழுத்தம் நகர வேண்டும். திரும்பி வரும்போது அழுத்தவே கூடாது. சமமா என்று பார்க்க மூலைமட்டத்தை மேலே வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பான். அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே பள்ளம். கீற்று ஒரே சீராக மெலிந்து மறைகிறவரை ராவ வேண்டும். இதை எந்த வீடியோவும் கற்றுத்தராது. கொரோனா காலத்தில் செல்போனில் ஃபிட்டர் வகுப்பு நடத்திப் பார்த்தோம். அரத்தின் வகை, பல்லின் அமைப்பு, அளவுக் கருவி வாசிப்பு எல்லாம் பையன்கள் நன்றாகவே சொன்னார்கள். திரும்பி வந்து வைஸ் முன்னால் நின்றபோது எல்லோருக்கும் நடுவில் மேடு.

வெல்டிங்கில் நேர்மாறு. நேரில் செய்து காட்டும்போது இருபது பேர் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முண்டியடிப்பார்கள். முன்னால் நிற்கிற நாலு பேருக்கு ஏதோ தெரியும், பின்னால் நிற்பவனுக்குப் பச்சையாக ஒரு பொட்டு. உண்மையில் பார்க்கவேண்டியது நெருப்பை அல்ல, அதற்குக் கீழே உருகி நிற்கும் உலோகக் குட்டையை. அது எவ்வளவு அகலம், கசடு எங்கே மிதக்கிறது, வெல்டிங் ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி ராடின் தடிமன் அளவுக்குள் நிற்கிறதா என்பதுதான் பாடம். வடிகட்டி போட்ட கேமராவில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டிவிடும், வேண்டிய இடத்தில் நிறுத்தியும் காட்டலாம். அப்புறம் பூத்துக்கு அனுப்பினால் ராடு வீணாவது கண்கூடாகக் குறைகிறது. ஆக, கலப்பு முறை என்றால் பாதி நாள் வீடு, பாதி நாள் பள்ளி என்று காலண்டரைப் பிரிப்பதாக எடுத்துக்கொண்டால் கெட்டது. எந்த வேலைக்கு எது உதவும் என்று பாடம் பாடமாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பயிற்றுநருக்குத்தான், மேலிருந்து சுற்றறிக்கை போட்டுப் பிரிக்க முடியாது.

பள்ளிப் பக்கம் தமிழ்நாட்டில் சாதனங்களுக்குக் குறைவில்லை. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, புத்தகத்தில் க்யூஆர் கோடு, உயர்நிலை மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், 2023இல் மணற்கேணி செயலி. இவ்வளவும் இருந்தும் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள், 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள், தமிழைவிடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அந்தத் திட்டத்தில் இருந்த தொழில்நுட்பம் என்ன? தெருவிலேயே இருக்கும் ஒரு பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், ஒரு திண்ணை.

திரை வேண்டாம் என்பது இதற்கு அர்த்தமில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த வேறொரு ஆய்வில், பள்ளி முடிந்து மையத்துக்கு வந்து படித்த நடுநிலைப் பிள்ளைகள் நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள். காரணம், அந்த மென்பொருள் ஏழாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்பு மட்டத்தில் இருந்தால் நாலாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தது. நம் எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் அதே யோசனைதான். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்ப்பது. ஐ.டி.ஐ.யில் இதன் அவசியம் அப்பட்டமாகத் தெரியும். பத்தாவது பாஸான பையனுக்கு 25.4ஐ 8ஆல் வகுக்கத் தெரியாது. பட்டறைக் கணக்குப் பாடத்தை அவன் எங்கே விட்டானோ அங்கிருந்து ஆரம்பிக்க ஒரு செயலி உதவினால், பயிற்றுநர் அந்த நேரத்தில் அவன் கையைப் பிடித்து அரம் பழக்கலாம். திரைக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான்.

அடுத்தது மன உணர்வுத் திறன். இதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். இதை ஒரு பீரியடாக்கி, மூச்சுப் பயிற்சி, இரண்டு கதை, ஒரு உறுதிமொழி என்று முடித்துவிடும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் 84 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மனக்கவனப் பயிற்சிக்கு (மைண்ட்ஃபுல்னெஸ்)ப் பெரிய சோதனை நடத்தினார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமாகப் பள்ளி செய்வதைவிட எந்தப் பலனும் கூடுதலாக இல்லை. ஆனால் எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. 2011இல் 213 திட்டங்களை, இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மாணவர்களைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்கத் தொகுப்பாய்வு, படிப்பிலேயே நல்ல முன்னேற்றம் கண்டது. அதில் தேறிய திட்டங்கள் படிப்படியாகப் பழக்கியவை, பிள்ளையைச் செய்ய வைத்தவை. வெளியாள் வந்து பேசிவிட்டுப் போனதைவிட வகுப்பு ஆசிரியரே நடத்தியது நன்றாக வேலை செய்தது.

பட்டறையில் இது தானாக நடக்க வாய்ப்பு இருக்கிறது. கூட ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அளவு போய்விட்டது என்று தெரிந்ததும் பையன் என்ன செய்கிறான்? முதலில் பெரும்பாலும் ஒளித்து வைப்பான், இல்லாவிட்டால் பக்கத்து வைஸ்காரன் துண்டை எடுத்துக்கொள்வான். அந்தத் துண்டை எடுத்துவந்து "சார், நாற்பதுக்கு முப்பத்தொன்பதரை ஆயிடுச்சு" என்று சொல்ல வைப்பதற்குச் சில மாதம் ஆகும். சொல்பவனைத் திட்டாமல், எந்த இடத்தில் அளக்காமல் விட்டாய் என்று கேட்கிற பயிற்றுநர் இருந்தால் ஆகும். திட்டினால் ஒருநாளும் ஆகாது. வேலைக்குப் போனபின் ஒளித்து வைத்த துண்டு வண்டியின் பிரேக்கில் போய் உட்காரும் என்பதால், இது பண்புநலன் பாடம் மட்டும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு நடத்தப்படும் சாஃப்ட் ஸ்கில் வகுப்புகள் பலவும் பணிவைத்தான் கற்றுத்தருகின்றன: குட்மார்னிங் சொல், அட்ஜஸ்ட் பண்ணிப் போ, கோபப்படாதே. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிற சூப்பர்வைசரிடம் "மாட்டினால்தான் ஓட்டுவேன்" என்று குரல் உயர்த்தாமல், பின்வாங்காமல் சொல்வதுதான் அந்தப் பையனுக்கு வேண்டிய திறன். விரல் போன தொழிலாளிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013 சட்டம் என்று தெரிய வேண்டும். புகார் எழுதிப் பழக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் மன உணர்வுத் திறன் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது, ஆசிரியர் பயிற்சியில் சமூக நீதியைச் சேர்ப்பது, பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வைப்பது என்று பல பரிந்துரைகள். அதே ஆண்டு நவம்பரில் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளில் பிள்ளைகளைக் கலந்து போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. பட்டறையில் நான் செய்தது இதைவிடச் சின்ன விஷயம்: ஒரே ஊரிலிருந்து வருகிறவர்களை ஒரே பெஞ்சில் விடமாட்டேன். ஒரு துண்டின் துருத்தல் மற்றத் துண்டின் பள்ளத்தில் பொருந்த வேண்டிய ஜாயின்ட் வேலையில், ஒரு பாதியை ஒருவனும் மறுபாதியை வேறு ஊர்க்காரனும் செய்ய வேண்டும். பொருந்தவில்லை என்றால் இரண்டு பேருக்கும் மார்க் இல்லை. நட்பு வந்ததா என்று கேட்காதீர்கள். பேச்சு வந்தது.

அப்ரன்டிஸ் பயிற்சியைப் பற்றி, அதாவது கம்பெனியில் வேலை செய்துகொண்டே கற்பதைப் பற்றி, ஒரு எச்சரிக்கை. 1961 சட்டப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரன்டிஸ் எடுத்தே ஆகவேண்டும், உதவித்தொகையும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருஷம் நல்ல கம்பெனியில் அப்ரன்டிஸ் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் பயிற்சி என்ற பெயரில் மலிவான ஆள் பிடிப்பதும் நம் ஊரில் நடந்ததுதான். கொங்குப் பகுதி நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று இளம்பெண்களைப் பயிற்சியாளராகச் சேர்த்து, மூன்று வருஷம் விடுதியில் வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டினார்கள். என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. பயிற்சிக்கு ஒப்பந்தம் இல்லை, முடிவில் தேர்வும் சான்றும் இல்லை என்றால் அது வேலை. வேலைக்கு உரிய சம்பளம் கேட்க வேண்டும்.

உங்கள் மகன் விஷயம். பத்தாவது மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய், பட்டறை ஓடும் நேரத்தில், அரை நாள் நிற்க வையுங்கள். இயந்திரத்தின் பக்கம் அவன் கால் தானாகப் போகிறதா என்று பாருங்கள். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 2,877 கோடி ரூபாயில் நான்காம் தலைமுறை மையங்கள் வந்திருக்கின்றன, ரோபோட்டிக்ஸ், சி.என்.சி., மின் வாகன மெக்கானிக் எல்லாம் அங்கே உண்டு. பளபளப்பைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். இரண்டு வருஷ ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை, பாலிடெக்னிக் வழியும் அதில் நேராகத் திறக்கும். ஒரு வருஷப் பிரிவில் சேர்ந்தால் அந்த வழி அப்படியே கிடைக்காது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டம்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் கட்டடத்தைப் பார்க்காமல் அங்கீகாரத்தைப் பாருங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, நீங்கள் சேர்க்கிற பிரிவுக்கு ஒன்றிய அரசின் பயிற்சி இயக்குநரகம் (டி.ஜி.டி.) தரும் அங்கீகாரம், பழைய பேச்சில் என்.சி.வி.டி. அங்கீகாரம், தனியாக இருக்க வேண்டும். போன வருஷம் தேறியவர்களில் யார் யார் எந்தக் கம்பெனியில் அப்ரன்டிஸ் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலை எடுத்துக் காட்டாமல் நூறு சதவீதம் வேலைவாய்ப்பு என்ற நோட்டீஸை நீட்டினால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.